பொன்னி அடையாளம் சொன்ன குரல்

அன்புள்ள இரத்தினம்மாவுக்கு,

ஏரம்பு வாத்தியாரின் சாவு கொலைதான் என்று மரண விசாரணையதிகாரி இன்று காலை தீர்ப்புச் சொன்னார். எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வாங்குப் பலகையில் இருத்தியதற்காகப் பள்ளிக்கு வைத்த தீயில் வெந்தவர் அவர்.

நேற்று உன் அண்ணை தலைமையில் அனுதாபக் கூட்டம் நடந்தது. தேவாரம் நன்றாகவே பாடினார்கள். வாத்தியாரின் மனைவி பொன்னிக்கு மட்டும் நிலத்தில் பாய் போட்டிருந்தார்கள். அவள் அதில் இருக்காமல் நின்றாள்.

"நயினார், கொள்ளியோடை நிண்டு 'இனி வாங்கிலை இருங்கோடா' எண்ட குரல் உங்கடைதான்," என்றாள் உன் அண்ணையைப் பார்த்து.

"விசரி, துக்கத்திலை பிதற்றுறாள்," என்றார் அண்ணை.

இருவர் சொன்னதையும் பெயரோடு எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். இனி நீ தங்கியிருக்கும் உன் அண்ணை வீட்டுப் படலை எனக்குத் திறக்காது.

தீ வைத்த மறுநாள் அங்கே உன் அண்ணையின் வேட்டியைத் தோய்த்தவள் நீ. மண்ணெண்ணெய் மணத்ததா என்று நான் கேட்கவில்லை. பொன்னிக்கு வேறு சாட்சி இல்லை. வெள்ளிக்கிழமை நீதவான் உன்னைக் கேட்பார்.

உன் கணவன்