செல் சவ்வும் நானூறு தீக்குச்சியும்

இடைசெவல்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாரிச்செல்விக்கு,

உன் கணவன் வன்னியபெருமாள் எழுதுவது. இங்கே நானும் நம் மகள் முத்துசெல்வியும் ஆடுகளும் இருக்கிறோம். நலமா என்று கேட்டால், ஆடுகள் நலம். நீ கடம்பூரில் உன் அம்மா வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் தபால்.

மக்காச்சோளத்துக்கு இன்னும் ஒரு மழை போதும். வருகிற மாதிரி வந்து கயத்தாறு பக்கம் போய்விட்டது. சாம்பாருக்கு உப்புப் போட்டதை மறந்து மறுபடியும் போட்டுவிட்டேன். முத்துசெல்வி சாப்பிட்டுவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள்.

அவள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வெள்ளிக்கிழமை நடந்தது. நாம் சண்டை போட்ட அதே செல் சவ்வு மாடல்தான். இரண்டிரண்டு தீக்குச்சியாகத் தலையை ஒட்டி, இரு வரிசையாக, தலைகள் வெளியேயும் வால்கள் உள்ளேயும் பார்க்க அடுக்கச் சொன்னாய். நானோ தீப்பெட்டி ஆபீசில் இருபத்திரண்டு வருடம் மேற்பார்வை பார்த்தவன். ஒரு தலை மாறிக் கிடந்தாலும் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறவன். எல்லாத் தலையும் ஒரே பக்கம்தான் என்று நின்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். பக்கத்து வீட்டு ராமசுப்பு அண்ணாச்சி குடும்பத்தார் நான்கு பேரையும் வைத்துக்கொண்டு, "குச்சி அடுக்குதவளுக்கு செல்லைப் பத்தி என்னட்டி தெரியும்?" என்று கேட்டேன். நீ எங்கள் ஆபீசில் குச்சி அடுக்கினாலும், பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்துத் தேறியவள். நான் பத்தாம் வகுப்பையே இரண்டு தடவை எழுதியவன்.

நீ போனபின் என் முறைப்படியே நானூறு குச்சியையும் அடுக்கிக் கொடுத்தேன். வள்ளிமயில் டீச்சர் பார்த்ததும், "அண்ணாச்சி, இது தீப்பெட்டிக்குச் சரி, செல்லுக்கு ஆகாதே" என்றார். தலைக்குத் தண்ணீர் பிடிக்குமாம், வாலுக்குப் பிடிக்காதாம். செல்லுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர் என்பதால் வால்கள் நடுவில் ஒளிந்துகொள்ளுமாம். நீ சொன்னது அப்படியே.

பிள்ளை கண் கலங்கிவிட்டாள். வேட்டியை மடித்துக் கட்டித் தரையில் உட்கார்ந்து, ஒரு வரிசை முழுவதையும் பிரித்துத் திருப்பி ஒட்டினேன். மருந்துக் குச்சி என்பதால் டீச்சர் தண்ணீர் வாளியோடு பக்கத்திலேயே நின்றார்.

அப்புறம் முத்துசெல்வி கணீரென்று பேசினாள். ஆக்சிஜன் சவ்வு வழியே தானாக நுழைந்துவிடும், உப்புக்குப் புரதத்தாலான வாசல் வேண்டும், அதைக் குறைவாக உள்ள இடத்திலிருந்து கூடுதலாக உள்ள இடத்துக்குத் தள்ளச் செல் சக்தியைச் செலவழிக்க வேண்டும் என்றாள். வெளியே உப்பு கூடினால் செல்லிலிருந்து தண்ணீர் வெளியேறிவிடும் என்றவள், "எங்கப்பா வச்ச சாம்பாரைச் சாப்பிட்டா தண்ணி தவிக்குதே, அது இதனாலதான்" என்று சேர்த்துக்கொண்டாள்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. மைக்கில் யார் செய்தது என்று கேட்டார்கள். "எங்கம்மா சரியாச் சொன்னா, எங்கப்பா கேக்கல" என்றாள். கூட்டமே சிரித்தது. நான் கையைத் தூக்கி, "தப்பு என் மேலதான்" என்றேன். ஊருக்கு முன்னால் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. உனக்கு எழுதத்தான் மூன்று தாள் கிழிந்தது.

புதன்கிழமை காலை வருகிறேன். அந்த நான்கு பேரையும் கூட்டி வருகிறேன். அவர்கள் காதில் விழச் சொன்னதை அவர்கள் காதில் விழவே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ராமசுப்பு அண்ணாச்சி கடம்பூர்ப் போளி தின்னத்தான் வருகிறார், இருந்தாலும் சாட்சி சாட்சிதான். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்.

நான் பேசியது தப்பு, மாரி. தெருவில் நிறுத்தியே திட்டு, எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன். திட்டி முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு கூட வந்துவிடு.

இப்படிக்கு,
உன் வன்னியபெருமாள்