எடை மாறும் சக்கரம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நீங்களும் தங்கையும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். கடிதத்தைப் பார்த்ததும் திடுக்கிட வேண்டாம். போனில் பேசியிருப்பேன், ஆனால் சமையலறைக்கும் உங்கள் அண்ணனின் பட்டறைக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தான். நான் இருமினால்கூட அவருக்குக் கேட்கும். மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போன் பாதி நேரம் குட்டியின் கையில் இருக்கிறது. அதனால் பரீட்சை எழுதுகிறவள் மாதிரி பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. நம் குட்டி கடைசியாக ஓட்டிய கோ-கார்ட் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள். உங்கள் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பெண் அந்தச் சின்ன வண்டியை வளைவில் திருப்புகிற திருப்பைப் பார்த்தால் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், உங்கள் அண்ணனுக்கு வாயெல்லாம் பல். பந்தய அணி நடத்துகிற ஒரு முதலாளி அவளைக் கவனித்திருக்கிறார். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு வீட்டுக்கே வருகிறார். உங்கள் அண்ணன் தயார் செய்த எஞ்சினின் சக்தியை நேரில் பார்த்துவிட்டு, அணியில் அவளுக்கு இடம் கொடுப்பதைப் பற்றிப் பேசுவாராம்.

நீங்கள் அனுப்பிய பழைய இரும்புச் சக்கரம் இப்போது டைனமோமீட்டர் ஆகிவிட்டது. நீங்கள் பார்க்கவில்லையே, சொல்கிறேன். கட்டில் மாதிரி ஒரு இரும்புச் சட்டம். ஒரு பக்கம் கார்ட் எஞ்சின், மறுபக்கம் உங்கள் சக்கரம், நடுவே சங்கிலி. எஞ்சினை முடுக்கினால் சக்கரம் சுற்றும். அது எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறது என்பதை வைத்து எஞ்சினின் சக்தியைக் கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டும். உங்கள் அண்ணன் கண் விழித்ததும் அந்தக் கோட்டில்தான் விழிக்கிறார். என் முகத்தை ஒரு நாளாவது இத்தனை கவனமாகப் பார்த்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் அழகாகியிருப்பேன்.

அதை எவ்வளவு வேகத்தில் சுழற்றப்போகிறார் என்று தெரிந்ததும் நீங்கள் வேண்டாம் என்றீர்கள். தகடு வெட்டும் பிரஸ்ஸில் நிதானமாகச் சுற்றுவதற்காக வார்த்த சக்கரம், அந்த வேகத்துக்கு எஃகில் புதிதாகக் கடைய வேண்டும் என்று சொன்னீர்கள். எனக்கே பாடம் எடுக்கிறான் என்று போனை வைத்தவர்தான், அதற்கப்புறம் நீங்கள் அழைத்தால் எடுப்பதில்லை. சக்கரம் உடைந்தாலும் துண்டுகள் வெளியே பறக்காமலிருக்கச் சுற்றிலும் கனத்த தகட்டில் கூண்டு கட்டச் சொன்னீர்களே, கட்டியிருக்கிறார், கோழிக்கூண்டுக் கம்பி வலையில். தகடு போட்டால் சக்கரம் சுற்றுவது வருகிறவருக்குத் தெரியாதாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சக்கரத்தின் ஒரு பக்கம் கனமாக இருந்தால் அது அதிரும். அதற்கு அவர் கையால் மெல்லச் சுற்றிவிட்டு, எந்தப் பக்கம் கீழே வந்து நிற்கிறதோ அங்கே விளிம்பில் துளை போட்டுக் கொஞ்சம் இரும்பை எடுத்துவிடுவார். முதல் துளை போட்டதும் அதிர்வு சுத்தமாக நின்றது, நானும் மெச்சினேன். அடுத்த வாரம் மறுபடி அதிர்ந்தது, மறுபடி ஒரு துளை. இப்போது ஓட்டுகிறபோதெல்லாம் அதிர்கிறது, ஓட்டி முடித்ததும் துளை போடுகிறார். விளிம்பு சல்லடையாகிவிட்டது. சமையலறை அலமாரியில் டம்ளர்கள் நகர்ந்து ஓரத்துக்கு வந்து நிற்கின்றன.

நான் சீட் உறை தைக்கிறவள், எஞ்சின் எனக்குத் தெரியாது. ஆனால் இரும்பு தின்று கொழுப்பதும் இல்லை, பட்டினி கிடந்து இளைப்பதும் இல்லை. சரி செய்த எடை வாராவாரம் எப்படி மாறும்? நீங்களே சொல்லுங்கள்.

போன புதன்கிழமை சக்கரத்தைத் துடைத்துவைக்கச் சொன்னார். துணியில் அடையாளம் போட்டுக்கொண்டிருந்த கையோடு போனேன். எண்ணெயைத் துடைத்த இடத்தில் என் விரலிலிருந்த வெள்ளைச் சாக்பீஸ் தூள் படிந்தது. சற்று நேரத்தில் அந்த வெள்ளைக்குள் எண்ணெய் கசிந்து ஒரு கறுப்புக் கோடு வந்தது. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு, அங்கிருந்து நடு அச்சை நோக்கி. மயிரிழை அளவுதான். துடைத்துவிட்டுத் திரும்பத் தூளைத் தடவினேன், அதே இடத்தில் திரும்ப வந்தது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அது வார்ப்புல வர்ற கோடு, எல்லாத்துலயும் இருக்கும். நீ போய் உன் ஜிப்பைத் தை” என்றார். சொன்னாரே தவிர, விரலை அந்தக் கோட்டின் மேல் வைத்தவர் எடுக்கவே இல்லை. சாயங்காலம் சக்கரம் முழுக்கச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டார். பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்றார். தெரியாமல் செய்கிறார் என்றால் எனக்கு இத்தனை பயம் இல்லை தம்பி. அது விரிசல் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

சண்டை போட்டேன். அழுதேன். சங்கிலியை அரிசி டின்னில் ஒளித்துவைத்தேன், மறுநாளே புதிது வாங்கி வந்துவிட்டார். குட்டி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. “எனக்குன்னு ஒரு வாய்ப்பு வருது, அதுல மண்ணள்ளிப் போடாதம்மா” என்று மட்டும் சொன்னாள். ஓட்டும்போது ஒருவர் சக்கரத்துக்கு நேரே ஸ்டூலில் உட்கார்ந்து ஆக்சிலரேட்டரைப் பிடிக்க வேண்டும். இவர் மூலையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதுவரை ஸ்டூலில் உட்கார்ந்தது குட்டி.

திங்கட்கிழமையிலிருந்து நான் உட்காருகிறேன். நானும் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி இடத்தைப் பிடித்துவிட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம், டிரைவரம்மா என்று கூப்பிடுகிறார். நானும் சிரித்துவைக்கிறேன். இப்போதைக்குப் பாதி வேகம்தான். முதலாளி வருகிற அன்று முழு வேகத்துக்கும் போக வேண்டுமாம்.

நீங்கள் அதற்குள் வர வேண்டும். என் பேச்சைக் கேட்டு நிறுத்தினால் அவருக்கு மானம் போகிற காரியம். நீங்கள் வாசலில் வந்து நின்றால், தம்பி கெஞ்சினான், விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படி யாராவது வர மாட்டார்களா என்று அவரும் எதிர்பார்க்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சாப்பிடும்போது உங்கள் பேச்சை அவரே எடுக்கிறார், பாதியில் நிறுத்திவிடுகிறார்.

லீவு கிடைக்கவில்லையென்றால் மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். அன்று எஞ்சின் சத்தம் நிற்கும்வரை குட்டி தெரு வாசலைத் தாண்டி உள்ளே வர மாட்டாள், வாக்கு வாங்கிவிட்டேன். பிறகு ஒருவேளை அவள் உங்களோடு வந்து இருக்கும்படி ஆனால், காலையில் சாப்பிடாமல் ஓடுவாள், தங்கையைப் பிடித்துவைத்து ஊட்டச் சொல்லுங்கள். திட்டினால் கோபித்துக்கொள்வாள், ஒரு மணி நேரத்தில் அவளே வந்து பேசுவாள். வண்டி ஓட்டக் கூடாது என்று மட்டும் அவளிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

நீங்கள் எல்லோரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் பிரியமுள்ள,
அண்ணி