நகப்பூச்சு பூசிய மூடி

உன் பதினாறாம் நாள் படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உன் மகள் ஒரு பிஸ்கட் டின்னை என் கையில் கொடுத்தாள். "அம்மா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க ஆன்ட்டி" என்றாள். திறந்து பார்த்தேன். உள்ளே சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஓர் உலோக மூடி. அதன் தலையில் மங்கிப்போன சிவப்பு நகப்பூச்சு. சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

நமக்கு ஒரே வயது. காலையில் தீவிலிருந்து ஒரே ஃபெரியில் அக்கரை போய், ஒரே ஃபேக்டரி பஸ்ஸில் புக்கிட் தெங்காவுக்குப் போவோம். படிப்பில் நான்தான் மேலே. ஆனால் எல்லோருக்கும் உன்னைத்தான் பிடித்தது. எனக்கு வயிற்றெரிச்சல். இனிமேல் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

தொண்ணூறுகளின் நடுவில், நம் ஃபேக்டரியின் பன்னிரண்டு ஓவன்களின் சூட்டையும் ஒரே கம்ப்யூட்டரில் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். நெட்வொர்க்குக்கு ஏழு அடுக்கு என்று வகுப்பு நடந்தது. ஏழின் பெயரையும் வரிசையாக ஒப்பித்தேன். மேனேஜர் கொட்டாவி விட்டார். நீ எழுந்து நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தைப் பற்றிச் சொன்னாய்.

"சோத்து மேல இலை, அதுக்கு மேல பேப்பர், அப்புறம் ப்ளாஸ்டிக் பை. மோட்டார்ல கொண்டு போறவனுக்கு உள்ள மீனா கோழியான்னு தெரிய வேணாம் லா. அட்ரஸ் தெரிஞ்சா போதும். அவனவன் வேலைய அவனவன் பாத்தா சரி."

மேனேஜர் சிரித்துச் சிரித்து அதை ஃபேக்டரி முழுக்கச் சொன்னார். ஏன் எனக்கு அது தோன்றவில்லை என்று ஒரு வாரம் பொருமினேன். இன்னொன்றும் சொன்னாய். அனுப்பியது சேர்ந்தால் 'கிடைத்தது' என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் மறுபடி அனுப்பு. "மூணு தடவை பாரு. அப்பவும் பதில் இல்லையா, லைன் போச்சுன்னு விட்டுரு." ஓவன்களின் சூட்டை அனுப்பும் பெட்டிகளை அப்படித்தான் அமைத்திருந்தார்கள்.

சூப்பர்வைசர் வேலை நம் இருவரில் ஒருவருக்குத்தான் என்று ஆனது. பெரிய முதலாளிகள் பார்க்க வந்த நாளில், கேபிளைச் சரிபார்ப்பது உன் பொறுப்பு. பன்னிரண்டு ஓவனையும் தொட்டு ஓடிய அந்த ஒற்றைக் கேபிளின் இரண்டு முனையிலும் மூடி இருக்க வேண்டும். ஒன்று கழன்றாலும் மொத்த லைனும் ஊமையாகிவிடும். சட்டென்று கண்ணில் பட வேண்டும் என்று நீதான் அவற்றுக்கு நகப்பூச்சு பூசியிருந்தாய். எல்லோரும் தேநீர் குடிக்கப் போனபோது, ஒன்றைத் திருகி எடுத்து என் வேலைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

திரையில் ஒரு எண்ணும் வரவில்லை. ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே போனாய். பத்தே நிமிடத்தில் கடைசி முனையைக் கண்டுபிடித்து வேறு மூடி மாட்டினாய். மேனேஜர் முகம் சிவந்து நின்றார். "நான் சரியா முடுக்கல சார்" என்றாய். வேலை எனக்குக் கிடைத்தது.

மறுநாள் சலவை முடிந்து வந்த கோட்டில் தேடினேன், மூடி இல்லை. சலவைக்குப் போன இடத்தில் தொலைந்திருக்கும் என்று நிம்மதியானேன். அந்த வாரம் கோட்டுகளைச் சலவைக்கு எடுத்துப் போனது நீ என்பது எனக்கு உறைக்கவில்லை.

அன்று மாலை ஃபெரியில் கேட்டாய்: "என்கிட்ட ஏதும் சொல்லணுமா?" ஒன்றுமில்லை என்றேன். என் கல்யாணத்தன்று மாலையைச் சரிசெய்துகொண்டே அதையே கேட்டாய். சிரித்துச் சமாளித்தேன். ஜுருவில் வேறு வேலை கிடைத்து நீ விலகிய நாளில் மூன்றாவது தடவை. மணியைப் பார்த்துக்கொண்டு, பஸ் வந்துவிட்டது என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. நல்லது கெட்டதில் பார்த்தால் நலம் விசாரிப்பாய், அவ்வளவுதான்.

நானாக இருந்தால் அந்த மூடியை மேனேஜர் மேசையில் போட்டிருப்பேன். நீ இத்தனை வருடம் டின்னில் வைத்திருந்தாய். அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. எனக்கு வராத ஒன்று கடைசிவரை உனக்கு வந்திருக்கிறது.

மூடி இப்போது என் கைப்பையில், வீட்டுச் சாவியோடு கிடக்கிறது. நீ அனுப்பியது கிடைத்தது. நான்தான் கழற்றினேன்.

பதில் வராது என்று தெரியும். இது முதல் தடவை. இன்னும் இரண்டு தடவை எழுதுவேன்.