கரண்ட் போன நாலு ஆட்டம்

பெரம்பலூர்
22-11-2006

ரூல்னா எல்லாருக்கும் ஒரே ரூல்தாம்ப்பா, அப்பனுக்கு ஒண்ணு அடுத்தவனுக்கு ஒண்ணு வைக்க முடியாதுன்னு சொல்லிட்டு டக்குனு போனை வச்சுட்டியே மணிமாறா, அதுக்கு நான் பதில் சொல்ல வேணாமா, அதான் இந்தக் கடுதாசி. கடுதாசியில நீ குறுக்க பேச முடியாது பாரு. சரி, சண்டை அப்பறம். நானும் உங்கம்மாவும் உன் தங்கச்சி கண்ணகியும் இங்க நல்லாத்தான் இருக்கோம், நீயும் மருமக அம்பிகாவும் சிங்கப்பூர்ல நோய் நொடி இல்லாம இருக்கணும்னு போன திங்கக்கிழமை உங்கம்மா சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயி கும்பிட்டுட்டு வந்தா. பஸ்ல வர்றப்ப முழங்காலு புடிச்சுக்கிச்சு, அதையும் ஆத்தாகிட்ட சொல்லியிருக்கலாமுல்லன்னு கேட்டதுக்கு ரெண்டு நாளா எனக்கு ரசம்தான். மழை விடாம பேஞ்சு சின்ன வெங்காயம் பாதி காட்டுலயே அழுகிப் போச்சு. மக்காச்சோளம் தேவலாம்.

இப்ப விசயத்துக்கு வரேன். அங்க இருக்கிற நம்ம பெரம்பலூர், அரியலூர் ஆளுங்கல்லாம் சேந்து, ஊர்ல இருக்கிறவங்களையும் சேத்துக்கிட்டு, பொங்கலுக்கு இன்டர்நெட்டுல செஸ் போட்டி வைக்கிறீங்க, ரேட்டிங்குன்னு ஒரு மார்க்கு போட்டு மேல இருக்கிற எட்டுப் பேருக்குத்தான் எடம்னு சொல்றீங்க, நல்ல காரியம். அதுல அஞ்சாவதா இருந்த முத்துசாமிங்கிற என் பேரை அடிச்சுட்டோம்னு நீயே சொல்ற. ஏன்னு கேட்டா, நாலு ஆட்டத்துல தோக்கற நேரம் பாத்து பாதியில ஓடிட்டீங்க, கம்ப்யூட்டரே செவப்புல எழுதிக் காட்டுதுங்கற. கம்ப்யூட்டரு எழுதும்டா, அதுக்கென்ன. பஸ் ஸ்டாண்டுகிட்ட லப்பைக்குடிக்காட்டு ஜமால் முகமது வச்சிருக்கிற பிரவுசிங் சென்டர்ல உக்காந்து ஆடறது உனக்குத் தெரியும். இந்த மழையில ஒரு காக்கா கம்பியில உக்காந்தா போதும், கடைவீதி முழுக்க கரண்ட் போயிரும். கரண்ட் போனா பொட்டி அணைஞ்சிரும், பொட்டி அணைஞ்சா ஓடிட்டான்னு மார்க்கைக் கொறைச்சு எதிராளிக்கு குடுத்துரும். உங்கூர்ல கடைசியா கரண்ட் எப்பப் போச்சுன்னு மருமகளைக் கேட்டுப் பாரு. ரூலு ஒண்ணுதான், கரண்ட் ஒண்ணு இல்லியே. முப்பத்தோரு வருசம் அரியலூர் ரூட்டுல கண்டக்டரா விசில் ஊதினவன் நான், வண்டி நின்னுபோயி எறங்கித் தள்ளுனவனை நடுவழியில ஓடிட்டான்னு ஒருநாளும் எழுதுனதில்லை.

இனிமே சொல்லப்போறதை உக்காந்து படி. அந்த அஞ்சாவது எடத்துக்கு வந்தது நான் இல்லை. நான் ஆடுன லட்சணம் உனக்கே தெரியும், ஆறு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் முத்துசாமி கடைசியிலேர்ந்து ரெண்டாவது, கடைசியில இருந்தவன் போட்டி வேணாம்னு போயிட்டான். திடீர்னு அப்பா இப்படி ஆடறாரேன்னு நீ ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் பெருமை பேசுனியாம், எட்டாவது படிச்ச கண்டக்டரு எங்கப்பான்னு. அது பூராவும் உன் தங்கச்சி. டைப் அடிக்கிற கடையில வேலை முடிஞ்சு நேரா ஜமால் கடைக்கு வந்துருவா, ஒரு மணி நேரம் ஆடிட்டு ரெண்டு பேருமா வூட்டுக்கு வருவோம். முதல்ல அவ பேர்லதான் ஆடுனா. கண்ணகின்னு பாத்தவுடனே ஒருத்தன் போட்டோ அனுப்பச் சொல்றான், ஒருத்தன் அடுப்புல என்ன கொதிக்குதுன்னு கேக்கறான், தோக்கற மாதிரி இருந்தா பதிலே பேசாம எழுந்து போயிடறான். மூணு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடுனா. அப்பறம் ஒருநாள் என் பேர்ல உக்காந்தா. அதே ஆளுங்க, அதே ஆட்டம், அய்யா வணக்கம், அய்யா நல்லா ஆடுறீங்கன்னு எழுதுறானுவ. எனக்குக் கெடைச்ச மரியாதையைப் பாத்து நானே எழுந்து நின்னுட்டேன்.

பேரு மாத்தி ஆடுனது தப்புதான், இல்லேங்கல. அடுத்தவன் பாஸைக் காட்டுன ஆளுங்களை எத்தனை பேரை நான் பேரளி ஸ்டாப்புல எறக்கி விட்டிருக்கேன். அதுக்கு எங்க ரெண்டு பேரையும் திட்டு, வாங்கிக்கறோம். ஆனா ஓடிப்போனவன்னு எழுதாத. அந்த நாலு ஆட்டத்துல ஒண்ணு உங்கூட ஆடுனது, தீவாளி கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை. குதிரையை உள்ள எறக்கி உன் ராஜாவையும் ராணியையும் ஒண்ணா மடக்கியிருந்தா. ராஜாவை நகத்திட்டு நீ ராணியை விட்டுத்தான் ஆவணும். அப்பத்தான் கரண்ட் போச்சு. ஜெயிச்சது நீன்னு கம்ப்யூட்டரு சொல்லிருச்சு, அந்த மார்க்குலதான் நீ இப்ப எட்டாவது ஆளா உள்ள நிக்கற. காய் இருந்த எடமெல்லாம் அதுல பதிஞ்சிருக்குமாம், ஜமால் சொல்றான். பாரு. பாத்திருப்ப, எனக்குத் தெரியும், அதான் போன்ல உன் கொரலு சரியில்லை. உன்னைய நான் குத்தம் சொல்லலை தம்பி. கமிட்டித் தலைவர் செல்லதுரை உனக்கு வேலை வாங்கிக் குடுத்த மனுசன், அவரு முன்னாடி அப்பனுக்காகப் பேசுனா நல்லாருக்காதுன்னு கம்முனு இருந்துட்ட. நானும் மொதலாளி முன்னாடி அப்படி எத்தனையோ தடவை இருந்திருக்கேன். இப்ப எனக்காகப் பேச வேணாம். "ஆடுனது என் தங்கச்சி, கரண்ட் போனப்ப நான்தான் தோத்துக்கிட்டிருந்தேன், அந்த ஒரு ஆட்டத்தை நின்ன எடத்துலேர்ந்து அவ பேர்லயே மறுபடி ஆடறோம், ஜெயிக்கிறவங்களுக்கு என்னோட எட்டாவது எடம்"னு செல்லதுரைகிட்ட சொல்லு. ரெண்டு வார்த்தை. அந்த எட்டுல ஒருத்தியா கண்ணகின்னு சொந்தப் பேர்ல உக்காரணும்னு புள்ளை வாயைத் தொறந்து சொல்லலை, ஆனா அந்த நாலு செவப்பு எழுத்தைப் பாத்ததுலேர்ந்து ஜமால் கடைப் பக்கம் போவல.

இதுவரைக்கும் எழுதிட்டு கண்ணகியைக் கூப்புட்டு சத்தமாப் படிச்சுக் காட்டுனேன். நின்ன எடத்துலேர்ந்துங்கற வரி வந்ததும் எழுந்துட்டா. "அண்ணன் ராணி போற எடத்துலேர்ந்து ஆரம்பிச்சா அது எனக்குச் சாதகம்ப்பா. முதக் காயிலேர்ந்து ஆடச் சொல்லுங்க. என் பேர்ல. தோத்தா தோத்துட்டுப் போறேன்"னா. அடி கூறுகெட்டவளே, கையில வந்த ராணியைன்னு நான் ஆரம்பிக்கறதுக்குள்ள கொடையை எடுத்துக்கிட்டு தெருவுல எறங்கிட்டா. வாசல்ல நின்னு பாத்தேன், ஜமால் கடைப் பக்கம்தான் திரும்புனா. அதனால மேல நான் நின்ன எடத்துலேர்ந்துன்னு எழுதுனதை அடிச்சுட்டு முதக் காயிலேர்ந்துன்னு படிச்சுக்க. உன் ராணி உங்கிட்டயே இருக்கட்டும். நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன்.

டிசம்பர் 10, ஞாயித்துக்கிழமை, நம்ம நேரம் காலையில ஒம்பது மணி, அங்க பதினொன்னரை, அப்ப ஆட்டத்தை வச்சுக்கலாம். காலையில கரண்ட் அவ்வளவா போவாது. செல்லதுரைகிட்ட அதுக்குள்ள சொல்லிரு, மறந்துறாத. மருமகளை வேளைக்கு சாப்புடச் சொல்லு. ரெண்டு பேரும் தீர்க்காயுசா இருங்க.

இப்படிக்கு
உன் அப்பன்
முத்துசாமி