ஜெய்னம்பு கேட்ட ஆங்கிலம்

ஜூலை 10, வியாழன்

கச்சான் காற்று. வாசல் முழுக்க மணல். இன்று தீர்க்க வேண்டியவை:

1. ஸேட்னெஸ்: லேசானது. சின்னக் காரணத்துக்கும் வரும், போகும்.
2. ஸாரோ: ஆழமானது. சத்தமில்லாமல் நெடுநாள் உடனிருக்கும்.
3. கிரீஃப்: நம்மவர் போனால் மட்டும். முகம் பாராதவருக்காக வராது.
4. ஜெய்னம்புக்கு இவற்றில் எது?

பக்கத்து வீட்டு ஜெய்னம்பு காலையில் வந்தார். மகன் செய்யது துபாயில். அவனுடைய அறைத்தோழன் ஜோயல், பிலிப்பைன்ஸ் பையன், தூக்கத்திலேயே இறந்துவிட்டான். ஜோயலின் தாயிடம் நாளை வீடியோவில் பேச வேண்டுமாம்.

"அந்தம்மா மனசு ஆறுற மாதிரி இங்கிலீசுல நாலு வார்த்தை எழுதித் தாங்க சார். தப்பா எதுவும் சொல்லிறப்படாது."

எனக்கும் அதே பயம். பள்ளியில் ஆங்கிலம் நடத்திய காலமெல்லாம் மூன்றுக்கும் 'துயரம்' என்றே எழுதிப்போட்டவன். அகராதி இரண்டும் பார்த்தாயிற்று. மாத்திரை மறந்தது. ஸாரோ என்று முடிவு. கிரீஃப் என்றால் பொய்யாகும். பையனை இவர் பார்த்ததே இல்லை.

ஜூலை 11, வெள்ளி

காற்று அடங்கவில்லை. ஜும்ஆ முடிந்து செய்யது போனில் இணைத்துக் கொடுத்தான். அதற்குமுன் என் வரிகளைத் தமிழில் சொல்லிக்காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு, தாசில்தார் பேசுற மாதிரி. இத ஓரமா வைங்க சார். அந்தம்மா சாப்பிட்டாங்களான்னு கேளுங்க."

இங்கே மௌத்தான வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்திலிருந்து சோறு போகும். அங்கே என்ன வழக்கமோ. தயங்கினேன்.

"கேளுங்க சார், என்னத்த முழுங்குறீங்க?"

கேட்டேன். அந்த அம்மா இல்லை என்று தலையசைத்தார். பிறகு அழுகை.

"தட்ட எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அவங்க சாப்பிடாம நான் போன வைக்க மாட்டேன்."

சொன்னேன். யாரோ தட்டு கொண்டுவந்தார்கள். ஒரு கரண்டி. ஜெய்னம்பு தமிழிலேயே, "இன்னொரு வாய்மா... அம்புட்டுத்தான்... தண்ணி குடிங்க."

நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. தட்டு காலியானது. இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. 

ஜூலை 12, சனி

கரண்ட் இல்லை. எப்போது வரும் என்று கேட்க ஜெய்னம்பு வீட்டுக்கு. அடுக்களையில் இரண்டு பாட்டில் இறால் ஊறுகாய். ஒன்று சிவப்பு, ஒன்று வெளிறல்.

"வெளுத்தது யாருக்கு?"

"ஜோயலுக்கு. அந்தப் புள்ளைக்குக் காரம் ஆகாது சார். எப்பயும் தனியாத்தான் போடுவேன். துபாய் போற ஆளுககிட்ட குடுத்துவிட்டுருவேன். இந்தத் தடவ போட்டு வச்சுட்டேன்..."

 முந்தானையால் பாட்டிலைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வியாழன் பட்டியலில் எண் 3 தவறு.