ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிய வரைபடம்

9 டிசம்பர் 1991, திங்கள்

காலையில் பனி. குழாய்த் தண்ணீர் பட்டால் விரல் மரத்துப்போகிறது. பால்காரர் லேட்.

ஏழாம் வகுப்புக் கேள்விப் பெட்டியைத் திறந்தேன். சரித்திர வகுப்புக்கென்று நான் வைத்த பழைய பிஸ்கட் டப்பா. எதை வேண்டுமானாலும் எழுதிப் போடலாம், பெயர் போட வேண்டாம், திட்ட மாட்டேன். இந்த வாரம்:

- ராஜாவுக்குப் பல்வலி வந்தால் யார் பிடுங்குவார்கள்? பிடுங்கியவன் தலை தப்புமா?
- கோட்டைக்குள் கக்கூஸ் எங்கே?
- கி.மு.வில் இருந்தவர்களுக்குத் தாங்கள் கி.மு.வில் இருக்கிறோம் என்று தெரியுமா?

மூன்றாவதற்கு வாய்விட்டுச் சிரித்தேன். போன வாரக் கேள்வி செல்வியுடையது, கையெழுத்தே காட்டிக்கொடுத்தது. 'நம் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் பெங்களூருக்கு வந்தது யார் குடும்பம்?' அதற்கென்றே வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன்: எந்த ஊரிலிருந்து, யார் காலத்தில், வீட்டில் என்ன மொழி, இப்போது எந்தத் தெரு, எந்த வீடு. முப்பத்தெட்டுத் தாளும் இன்று வந்துவிட்டன. என் சர்வீஸில் இது அதிசயம்.

11 புதன்

சார்ட் முடிந்தது. பிரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், ஜீவனஹள்ளித் தெருக்களை வரைந்து, ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. கன்னடம் பச்சை, உருது நீலம், தெலுங்கு மஞ்சள், தமிழ் சிவப்பு. பக்கத்தில் பெயர். தமிழ் வீடுகள் பதினொன்று. செல்வி ஜீவனஹள்ளி பெயின்டர் மகள், முத்து முத்தான கன்னடக் கையெழுத்து. தன் வீட்டுக்கு அம்புக்குறி போட்டு அவளே எழுதினாள்: குழாய்க்கு எதிரில், நீலக் கதவு.

எனக்கும் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிக்கொண்டேன். கொள்ளுத்தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் சர்வே குமாஸ்தா. கொஞ்சம் பெருமைதான், வேறென்ன.

ஹெட்மிஸ்ட்ரஸ் பார்த்துவிட்டு, "தும்பா சன்னாகிதே, ரொம்ப நல்லாயிருக்கு! உள்ளே எதுக்கு, வராந்தாவுல மாட்டுங்க, பேரண்ட்ஸ் பார்க்கட்டும்" என்றார். கேட் பக்கத்துச் சுவரில் மாட்டினேன். வருகிற போகிற எல்லார் கண்ணிலும் படும்.

இவர் ஆபீசிலிருந்து வந்ததும் காவிரி விஷயம் சொன்னார். தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொன்ன உத்தரவை டெல்லி கெஜட்டில் போட்டுவிட்டதாம். பஸ்ஸில் ஒரே கத்தலாம். "நாளைக்குப் புடவைத் தலைப்பை இழுத்துப் போத்திண்டு, வாயை மூடிண்டு போயிட்டு வா." சிரித்துவிட்டேன்.

12 வியாழன்

பதினொன்றரைக்கே பள்ளியை விட்டார்கள். பஸ் இல்லை. பிள்ளைகளை ஒவ்வொன்றாக ஆள் வந்து கூட்டிப்போகும் வரை கேட்டில் நின்றேன். கடைசியில் செல்வியின் அப்பா. கையில் பெயின்ட் வாளி, வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்திருக்கிறார். "கலாசிபாளையம் பக்கம் பத்த வெச்சிட்டானுங்க மேடம். நீங்க மொதல்ல வீட்டுக்குப் போங்க."

நடந்தே வந்தேன். ஒரு தையல் கடைப் போர்டில் தமிழ் எழுத்தின் மேல் தார், இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. தெற்கே புகை.

வீட்டில் இவர் தமிழ்க் காலண்டரைக் கழற்றிப் பரண்மேல் போட்டிருந்தார். வாரப்பத்திரிகைகள் மெத்தைக்கடியில். பக்கத்து வீட்டு ஜெயம்மா வந்து, "ஏனூ ஆகல்லா, நானித்தீனி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகாது, நான் இருக்கிறேன் என்று அவள் சொல்லச் சொல்லத்தான் பயம் அதிகமானது.

மூன்று மணிக்குக் காபி கலக்கும்போதுதான் உறைத்தது. சார்ட்!

என்னுடையதைத் தவிரவே பதினொரு சிவப்புப் பொட்டு. தெரு, வீடு, பெயர். தேடி அலையவே வேண்டாம், நானே வரைந்து கேட்டில் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். அறிவு கெட்டவளே, அறிவு கெட்டவளே. நுணலும் தன் வாயால் கெடும், சரி. இங்கே நுணல் பதினொரு வீட்டையும் சேர்த்தல்லவா கெடுக்கிறது.

இவரிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "இப்போ போக முடியாது" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

13 வெள்ளி

பந்த். வெளியே கால் வைக்க முடியாது. ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் போன். வாட்ச்மேன் வரவில்லையாம். "ஒரு சார்ட்டுக்காகவா இவ்வளவு டென்ஷன்?" என்றார். அவருக்குப் புரியவில்லை. அவர் வீட்டில் பச்சைப் பொட்டு. இப்படி எழுதுகிறேனே, எனக்கும் புத்தி இப்படிப் போகிறதே.

ஜீவனஹள்ளிப் பக்கம் சத்தம் கேட்டதாக ஜெயம்மா சொன்னாள். எந்தத் தெரு என்று மூன்று தடவை கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. சாதம் இறங்கவில்லை. லாரி ஏதாவது போனால் எழுந்து நிற்கிறேன்.

பதினொரு பெயரையும் சொல்லிப் பார்த்தேன். ஒன்பதுதான் ஞாபகம் வந்தது. மீதி இரண்டு யார்?

15 ஞாயிறு

காலை கொஞ்சம் அமைதி. இவர் வேண்டாம் என்று கத்தியும் கேட்காமல் புறப்பட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக் கன்னடத்தில், "எந்த ஊரும்மா நீங்க?" என்றார்.

எத்தனை தடவை பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன்!

"மைசூர்" என்றேன். பொய்யில்லை. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

பள்ளி கேட் பூட்டு. கம்பி வழியே எட்டிப் பார்த்தேன். சுவரில் நான்கு ஆணி மட்டும். சார்ட் இல்லை.

கிழிந்து விழவில்லை, தரையில் ஒரு துண்டுகூட இல்லை. யாரோ பொறுமையாகக் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள். எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது.

18 புதன்

பள்ளி திறந்தது. வந்தது இருபத்திரண்டு பேர். சிவப்பில் மூன்று. செல்வி வரவில்லை. வாட்ச்மேனைக் கேட்டேன், பியூனைக் கேட்டேன், கன்னட சாரைக்கூட சுற்றி வளைத்துக் கேட்டேன். யாருக்கும் தெரியாது. எல்லார் முகத்தையும் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறேன். கன்னட சார் தம் டிபன் பாக்ஸிலிருந்து சித்ரான்னம் எடுத்து வைத்தார். அதையும் சந்தேகப்பட்டேன்.

கேள்விப் பெட்டியைத் திறக்கவில்லை.

20 வெள்ளி

மேகமூட்டம். முதல் பீரியடில் பியூன் வந்து கூப்பிட்டான். ஆபீஸ் ரூமில் செல்வி, அவள் அப்பா. அவர் நெற்றியில் பிளாஸ்திரி. செல்வி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"டி.சி. வேணும் மேடம். சேலம் போறோம். சம்சாரத்தோட அண்ணன் அங்க இருக்காரு."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். என் சார்ட்.

"மன்னிச்சிக்குங்க மேடம், கேக்காம எட்த்துட்டேன். அன்னிக்கு வீட்டுக்குப் போறப்பவே பாப்பா சொல்லிச்சு, நம்ம வீடு சுவுத்துல இருக்குன்னு. இதை வுட்டுட்டு பேஜார்ல ஒக்காந்துனு இருக்க முடியல. சாயங்காலமா காம்பவுண்டு ஏறிக் குதிச்சேன். எங்க வீட்டை மட்டும் கிழிச்சிடலாம்னுதான் போனேன். அப்பறம் மத்த புள்ளைங்க வீடும் இருந்திச்சு, உங்களுதும் இருந்திச்சு."

நான் வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த நேரத்தில் இந்த மனுஷர் தெருவில் நடந்திருக்கிறார்.

"நெத்தியில என்ன?"

"திரும்பி வர்றப்போ சும்மா... அது ஆறிப்போச்சு மேடம்."

"வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?"

"எங்க சந்துக்கு யாரும் வரல. அக்கம்பக்கத்துக் கன்னடக்காரங்களே முன்னால நின்னாங்க." மகளைப் பார்த்தார். "அதுக்கில்ல. இவதான். நான்தானே வீட்டைக் காட்டிக் குடுத்தேன், நான்தானே எழுதினேன்னு ஒரே அழுவை. கதவுகிட்ட போறதுக்கே பயப்படறா. வீட்ல படுக்கவே மாட்டேங்கறா. நீலக் கதவை நான் பச்சையா அடிச்சும் பாத்துட்டேன்."

"செல்வி," என்றேன். "தப்பு உன்மேல இல்ல. எழுதச் சொன்னது நான். மாட்டினதும் நான். தப்பு பூராவும் மிஸ் மேலதான். புரியுதா?"

தலையாட்டினாள். நம்பவில்லை, தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. பிள்ளை முன்னால் வேண்டாம் என்று ஃபாரத்தை எடுத்தேன். பெயர். பிறந்த தேதி. வகுப்பு. தாய்மொழி என்ற இடத்தில் பேனா நின்றது. "தமிழுன்னே போடுங்க மேடம், அங்கதானே போறோம்" என்றார் அவர். போட்டேன்.

கையெழுத்துப் போட்டு நீட்டும்போது செல்வி முதன்முதலாக வாய் திறந்தாள்.

"மிஸ், எனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதே. அங்க என்னை ஒண்ணாங் கிளாஸ்ல சின்னப் புள்ளைங்களோட ஒக்கார வெச்சிடுவாங்களா?"

அவள் அப்பா என்னைப் பார்த்தார். அவர் அதுவரை இதை யோசிக்கவில்லை போல.

"மாட்டாங்க" என்றேன். எனக்குத் தெரியாது.