கூண்டைத் திறந்து போட்டவளுக்கு

அடியே,

பீரோவை ஒழிக்கும்போது அந்தப் பெயின்ட் பிரஷ் கையில் அகப்பட்டது. மூக்கருகே கொண்டுபோனேன். மக்காச்சோள இலையும் வெட்டுக்கிளிப் புழுக்கையும் கலந்த வாடை இன்னும் போகவில்லை. என் ஆத்திரமும்தான்.

நாம் வாத்தியார் வேலை பார்த்த திண்டுக்கல் கல்லூரியின் பூச்சி அறை ஞாபகம் இருக்கிறதா? தனியாக வளர்த்த வெட்டுக்கிளியின் பின்னந்தொடையை இந்தப் பிரஷ்ஷால் மாற்றி மாற்றித் தடவுவோம். கூட்டத்தில் மற்றவை தன்மேல் உரசுவதாக அது நம்பிவிடும். நெஞ்சிலுள்ள நரம்பு முடிச்சுகளில் செரோட்டோனின் என்ற ரசாயனம் ஏறும். இன்னொன்றைக் கண்டாலே ஒதுங்கிய பூச்சி, பொழுது சாய்வதற்குள் கூட்டத்தைத் தேடிப் போகும். "பாவம்டி, அதுக்கே தெரியாம புத்தி மாறிருது" என்பாய்.

அப்புறம் ஒருநாள் நீ கூண்டைச் சாத்த மறந்தாய். பூச்சிகள் பக்கத்துச் சோளக்காட்டில் இறங்க, காட்டுக்காரர் பிரின்சிபால் அறை வாசலில் நின்று கத்தித் தீர்த்தார். சாயங்காலம் நீ என் வீட்டுக்கு ஓடிவந்து மடியில் விழுந்து அழுதாய். "நாந்தான்டி தொறந்து போட்டுட்டேன். காலைல எல்லார் முன்னாடியும் சொல்லிர்றேன்." கிறுக்கி நான், நம்பி உனக்குச் சோறும் போட்டு அனுப்பினேன்.

காலையில் ஆசிரியர் அறை பெஞ்சில் எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தீர்கள். "பூச்சி அவ பொறுப்புதானே" என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர் தலையாட்டினார். நடுவில் நீ. என் முகத்தைப் பார்க்காமலே, "ஆமா, அவதான் கடைசியா தொறந்தா" என்றாய். அத்தோடு என் வேலை போச்சு. இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டியூஷன் எடுத்துத்தான் பிழைக்கிறேன்.

பிரித்துத் தனியே வைத்தால் பூச்சி மெல்ல மெல்லப் பழைய குணத்துக்குத் திரும்பும். ஓய்வுபெற்று நீயும் ஒத்தையில்தானே கிடந்தாய்? அப்போதாவது வருவாய் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை, செத்துப்போன சேதிதான் வந்தது.

நாளைக்கு உனக்கு இரங்கல் கூட்டமாம். "பழைய சிநேகிதி, நீங்கதான் நாலு நல்ல வார்த்தை பேசணும்" என்று அதே பெஞ்சுக்காரர்கள் போன் போட்டார்கள். "வாரேன்" என்றேன். செத்தவளைக் குறை சொல்லக் கூடாதாம். உயிரோடிருந்தவள்மேல் பொய் சொல்லலாமாக்கும்!

பிரஷ்ஷைக் கைப்பையில் வைத்துவிட்டேன். உன் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்று, கூண்டைத் திறந்து போட்டது யாரென்று சொல்லப்போகிறேன். அவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து முறைக்கட்டும். நான் தனியாகத்தான் நிற்பேன். என் புத்தி மாறாது.